மூன்றாவது படம்

ஹர்த்தால் என்றால் கொச்சி மட்டாஞ்சேரியில் படம் எடுக்க நல்ல நாள். ஆட்டோ நிற்காது, லாரியில் மூட்டை ஏறாது, வீட்டு முகப்பை மறைத்துக்கொண்டு யாரும் சாயா குடிக்க மாட்டார்கள். காலை பத்து மணிக்கு சங்கரி அந்தத் தெருவுக்குள் வந்தபோது, அடைத்த கிடங்குகளிலிருந்து சுக்கு வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. கூடவே மகள் மாதுரி. எட்டு வயது. பள்ளி இல்லாத நாளில் அவளை விட்டுவிட்டு வர வீட்டில் வேறு யாரும் கிடையாது.

சங்கரிக்குக் களைப்பாக இருந்தது. தூங்கினால் போகிற களைப்பு அல்ல. விக்கியின் வீடு விற்கும் தொழிலுக்கு இரண்டு வருஷமாக இன்ஸ்டாகிராம் பக்கத்தை அவள்தான் நடத்துகிறாள். பழைய வீடுகளைப் படம் எடுப்பாள், இருட்டை வெளிச்சமாக்குவாள், அங்கே யாரோ வாழ்கிறார்கள் என்று காட்டும் எல்லாவற்றையும் போனில் விரலால் தேய்த்து அழிப்பாள். கொடியில் காயும் லுங்கி, மருந்துப் பாட்டில், சாமி காலண்டர். ஆட்களையும்தான். வாங்க வருகிறவர்களுக்குக் காலி வீடுதான் பிடிக்கும்.

இந்த வீட்டுக்கு அவள் வருவது இரண்டாம் தடவை. மூன்று மாதத்துக்கு முன் வந்தபோது மாடி அறையில் கமலாக்ஷி இருந்தாள். நாற்பது வருஷமாக வாடகைக்கு இருந்த கிழவி. ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியை விட்டு அவளால் எழ முடியாது.

"நீங்க அப்படியே இருங்கம்மா. அப்புறமா அழிச்சுக்கறேன்," என்றாள் சங்கரி.

கிழவி பொக்கை வாயால் சிரித்தாள். "அழிச்சுட்டா நான் எங்கே போறதாம்?"

சங்கரி படத்தை எடுத்தாள். அன்றே கிழவியை அழித்து, படத்தை இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போட்டாள். பதினோராம் நாள் கிழவி அந்த நாற்காலியிலேயே போய்ச் சேர்ந்தாள்.

கமெண்டுகள் வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மூணாவது படத்துல உட்கார்ந்திருக்கறது யாரு? வீடு வாங்கினா பாட்டி ஃப்ரீயா? சங்கரி படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஜன்னல், வெயில், வெறும் சிவப்புத் தரை. நேற்று விக்கியே கூப்பிட்டான்.

"சேச்சி, இதென்ன விளையாட்டு? அந்த அம்மூம்மா என்னையே பார்த்துட்டு இருக்கு."

"அங்க யாருமே இல்ல விக்கி."

"எனக்குக் கண்ணு இருக்கு சேச்சி. புதுசா எடுத்துப் போடுங்க. துபாய் பார்ட்டி காத்துட்டு இருக்கு."

எல்லோருக்கும் தெரிந்தது. அழித்தவளுக்கு மட்டும் தெரியவில்லை.

மாடி அறையை ஒழித்துவிட்டிருந்தார்கள். நாற்காலிகூட இல்லை. சங்கரி ஜன்னல்களைத் திறந்தாள். வெளிச்சம் வந்தது, காற்று வரவில்லை. பழைய தைலத்தின் வாசனை ஒன்று மூலையை விட்டு நகராமல் நின்றது. அவள் ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் வேலையைத் தொடங்கினாள். நினைக்கவும் தெம்பு வேண்டுமே.

ஜன்னலோரம் மாதுரி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். தலையை லேசாகப் பின்னால் சாய்த்திருந்தாள்.

"எழுந்திரு மாது. படம் எடுக்கணும்."

"இரும்மா. பின்னி முடிக்கட்டும்."

"என்னடீ பின்னி?"

"இவங்கதான். தலையை ஆட்டாதேங்கறாங்க."

வீட்டில் தனியாகவே விளையாடிப் பழகிய குழந்தை. சங்கரி பெருமூச்சு விட்டாள். இன்னொரு தடவை சொல்ல வாய் வரவில்லை. அப்படியே எடுத்தாள்.

இறங்கி வந்து மாடிப்படியின் கடைசிப் படியில் உட்கார்ந்துகொண்டாள். விக்கி மூன்று தடவை செய்தி அனுப்பியிருந்தான். பதினான்கு படங்கள். வெளிச்சத்தைக் கூட்டினாள், கோணலை நேராக்கினாள். தூசி, ஒட்டடை, சுவரில் ஆணி. விரல் தானாக ஓடியது. மூன்றாவது படத்தில் ஜன்னலோரம் ஒரு ஆள் இருந்தது. தேய்த்தாள். மறைந்தது. எல்லாவற்றையும் பக்கத்தில் ஏற்றினாள். போனில் இடம் போதாது என்று எப்போதும் செய்வதுபோல் அசல் படங்களை அடியோடு அழித்தாள்.

பிறகு கண்களை மூடிக்கொண்டு சற்று நேரம் சுவரில் சாய்ந்திருந்தாள்.

வீடு மிகவும் அமைதியாக இருந்தது.

ஜன்னலோரம் ஒரு ஆள்.

சங்கரி கண்களைத் திறந்தாள்.

"மாது?"

படிகளை எப்படி ஏறினாள் என்று தெரியவில்லை. அறை காலியாக இருந்தது. ஜன்னல், வெயில், சிவப்புத் தரை. அவள் போட்ட படம் மாதிரியே.

"மாது! எங்கடீ ஒளிஞ்சிருக்கே?"

"இங்கதாம்மா இருக்கேன்."

குரல் இரண்டடி தூரத்தில் கேட்டது. அங்கே வெயில் மட்டும் விழுந்துகிடந்தது.

போனை எடுத்தாள். அழித்த படங்கள் கிடக்கும் இடத்தைத் திறந்தாள். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"அம்மா, என்னைப் பார்க்க மாட்டேங்கறியே?"

"பார்க்கறேன் கண்ணு. பார்க்கறேன். எங்கே இருக்கே?"

யாரோ யாருடைய காதிலோ எதையோ சொல்வதுபோல ஒரு சின்ன முணுமுணுப்பு.

பிறகு குரல் வந்தது. "கையை நீட்டு."

நீட்டினாள். ஒரு கை வந்து அவள் கைக்குள் புகுந்தது.

சங்கரி அழுதுவிட்டாள். வேறு எதையும் யோசிக்கவில்லை. பிடித்த கையை விடாமல் இழுத்துக்கொண்டு படியிறங்கினாள், கதவைச் சாத்தினாள், வெறிச்சோடிய தெருவில் நடந்தாள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் என்ன, கையில் இருக்கிறாள். வீட்டுக்குப் போய்விடலாம். சோறு ஊட்டலாம். மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பக்கத்தில் கால்கள் தேய்த்துத் தேய்த்து நடந்து வந்தன. களைத்துப் போயிருக்கும் குழந்தை.

படகுத்துறைத் திருப்பத்தில் போன் அடித்தது.

"சூப்பர் சேச்சி!" விக்கியின் குரலில் உற்சாகம். "இப்பத்தான் பார்த்தேன். அந்த அம்மூம்மா போயாச்சு. சுத்தமா இல்ல."

சங்கரிக்கு மூச்சு வந்தது.

"ஆனா இதாரு சேச்சி, ஒரு கொச்சுப் பொண்ணு உட்கார்ந்திருக்கு? ரெட்டைப் பின்னல் போட்டுட்டு. பாவம், அழுதுட்டே இருக்கு."

தெருவில் யாரும் இல்லை. சங்கரி நின்றாள். பக்கத்தில் தேய்த்து நடந்து வந்த கால்களும் நின்றன.

அவள் கட்டைவிரல் மெல்ல நகர்ந்து, தான் பிடித்திருந்த கையின் மேல்புறத்தைத் தடவியது. தோல் தொளதொளவென்று எலும்பை விட்டு விலகி வழுக்கியது. அதன் கீழே புடைத்த நரம்புகள் ஒவ்வொன்றாக விரலில் தட்டுப்பட்டன.

விட முயன்றாள்.

அந்தக் கை விடவில்லை.