மூலப்படி வாசிப்பவள்

"இதையெல்லாம் யாருடி படிக்கப் போறாங்க?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். அக்கறையாகத்தான் கேட்டாள். அதனாலேயே அது முள்ளாய்த் தைத்து நின்றது.

மூடிக்கிடந்த ஒரு பழைய அச்சகத்தைப் பற்றித் தங்கை ஆய்வு எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே யார் எழுத்துக் கோத்தார்கள், எப்படிப் பிழை திருத்தினார்கள், புத்தகங்கள் யார் கைக்குப் போயின என்று தேடித் தேடி எழுதியது. பேராசிரியர் இன்னும் முதல் பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. ஒரே ஒருவர் படித்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அன்றும் அச்சக முதலாளியின் மருமகள்தான் கதவைத் திறந்துவிட்டாள். "இந்தத் தூசியில பேய்கூடக் குடியிருக்காதும்மா. நீ எப்படித்தான் உக்காந்திருக்கியோ," என்றாள். வெயில் சாய்ந்ததும் பூட்ட வருவதாகச் சொல்லிப் போனாள்.

பிழை திருத்தும் அறையில் மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாடை இன்னும் போகவில்லை. ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். அந்தக் காலத்தில் ஒருத்தி மூலப்படியை வாய்விட்டு வாசிப்பாள், கமாவும் புள்ளியும் உட்பட. எதிரே இருப்பவர் அச்சுத்தாளில் பிழை பார்ப்பார்.

பேச்சுத்துணைக்கு ஏங்கியோ என்னவோ, அவள் தன் ஆய்வின் கையெழுத்துப் படியை எதிர்ப்பக்கம் வைத்தாள். தட்டச்சுத் தாள்களைத் தன் முன்னே பரப்பிப் பேனாவைத் திறந்தாள்.

"ம், வாசிங்க," என்றாள் விளையாட்டாக.

தாள் சரசரத்தது.

காற்றே இல்லை.

"இந்த அச்சகம் தொடங்கிய காலத்தில் கமா..."

தொண்டை வறண்ட பெண்குரல்.

ஓடிவிடு என்றது மனம். ஆனால் தன் வரிகளை இன்னொருவர் குரலில் அவள் கேட்டதே இல்லை. உட்கார்ந்தே இருந்தாள். குரல் தயங்கிய இடங்களிலெல்லாம் பிழை இருந்தது. அவள் திருத்தினாள். பக்கங்கள் புரண்டன. கடைசி வரியும் முற்றுப்புள்ளியும் வந்தன.

குரல் நிற்கவில்லை.

"திருத்துபவளுக்கு நாக்கு வறள்கிறது கமா ஆனாலும் எழமாட்டாள் புள்ளி."

அப்படி ஒரு வரியை அவள் எழுதவே இல்லை. எழப் பார்த்தாள். கால்கள் அசையவில்லை. பேனா மட்டும் அந்த வரியைத் தாளின் அடியில் எழுதிக்கொண்டிருந்தது.

வாசலில் சாவிக்கொத்து குலுங்கியது. மருமகள் வந்து நின்றாள். உட்கார்ந்திருந்தவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னையும் கூட்டிட்டுப் போங்க என்று சொல்ல வாயெடுத்தாள். காற்றுதான் வந்தது.

மருமகள் அவளைப் பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியை வெகுநேரம் பார்த்தாள்.

சாவிக்கொத்தை மார்போடு இறுக்கிக்கொண்டு, பூட்ட வந்தவள் பூட்டாமலே போய்விட்டாள்.