மேல்படியில் உட்கார்ந்தவள்

ஒரு தகரப் பெட்டியோடு கல்லூரி விடுதிக்கு வந்து சேர்ந்தாள் அந்த நெட்டைப் பெண். இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. அன்றைக்கே அவளுக்குக் 'கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டோம்.

ஞாயிறு மதியம் தலைக்குக் குளித்துவிட்டு மாடிப்படியில் வரிசையாக உட்காருவோம். மேல்படியில் இருப்பவள் கீழே இருப்பவளுக்குப் பின்னிவிடுவாள், அவள் அடுத்தவளுக்கு. மேல்படிக்காரிக்குக் கடைசியில் யாராவது பின்னுவோம். விடுதியின் வம்பெல்லாம் அங்கேதான் அலசப்படும்.

"கொக்கு தலையில பேன் நெளியுதுடி, கிட்டப் போகாதீங்க!"

ஒரு சிரிப்புக்காக நான் கிளப்பிவிட்ட பொய் அது. அதன்பிறகு அவளுக்கு எப்போதும் மேல்படிதான். அவள் எங்களுக்குப் பின்னிவிடுவாள். அவள் முடியை யாரும் தொட மாட்டோம்.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. நோயறையில் தனியாகப் படுக்க வைத்தார்கள். நான்காம் நாள் ஆயா வந்து நின்றாள்.

"முடி சிக்குப் பிடிச்சுக் கெடக்கும்மா. யாராச்சும் வந்து பின்னிவிடச் சொல்லுது, பாவம்."

நாங்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்தோம். மறுநாள் காலையில் அவள் உயிர் போய்விட்டது.

அடுத்த ஞாயிறு மேல்படி என் பங்குக்கு வந்தது. எனக்குக் கீழே அறைத்தோழி. வாய் ஓயாததால் 'ரேடியோ'. அவள் முடியை மூன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

என் தலைக்குள் விரல்கள் நுழைந்தன.

ஈர விரல்கள். பினாயில் வாடை.

அவசரமே இல்லாமல் சிக்கெடுத்து, இறுக்கி இறுக்கிப் பின்னின.

"ரேடியோ... என் பின்னால யாருடி?"

திரும்பிப் பார்த்தாள். அந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அடுத்த நொடி எல்லோரும் தடதடவென்று கீழே ஓடினார்கள். என்னால் எழ முடியவில்லை. என் பின்னலின் நுனி கொக்கின் பிடியில் இருந்தது.

"முடிஞ்சுது," என்றது காதோரம் ஒரு குரல். "இனி நீ எனக்கு."

அன்றே முடியைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். படிப்பையும் விட்டேன். நாற்பது வருடமாக அவளிடம் மன்னிப்புக் கேட்காத நாளில்லை. அவள் மன்னிக்கவில்லை.

போன ஞாயிறு மகள் கேட்டாள்: "அம்மா, சும்மா உக்காந்துக்கிட்டுக் கையால என்ன பண்றே?"

குனிந்து பார்த்தேன். என் விரல்கள் தாமாகவே காற்றைப் பின்னிக்கொண்டிருந்தன. நிறுத்தப் பார்த்தேன்.

நிற்கவில்லை.

என் முழங்கால்களுக்கு நடுவே, ஈரமான முதுகு ஒன்று இன்னும் வாகாகச் சாய்ந்துகொண்டது.