ரவூப்பிலிருந்து வந்த படம்

லூயிசா சிஸ்டர் இரண்டாவது காபியை வாயில் வைப்பதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு இரண்டு பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவள் பக்கத்துத் தெரு ஷில்பா. பின்னால் வந்தவளுக்கு ஐம்பது வயதிருக்கும். கண்கள் அழுது சிவந்திருந்தன.

"சிஸ்டர், இவங்க யோகேஸ்வரி. எங்க மாமியாருக்குத் தம்பி பொண்ணு. மலேசியால இருந்து வந்திருக்காங்க. இவங்க கொண்டாந்த போட்டோவ யாரோ திருடிட்டாங்க!"

தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர் லூயிசா. ஆண்டர்சன்பேட்டையில் காணாமல்போன எதையும் முதலில் அவரிடம்தான் கேட்பார்கள். அவரோடு அதே வார்டில் ஆயாவாக இருந்த நளினியோ, திருட்டு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், செருப்பை மாட்டிவிடுவாள். இப்போதும் மாட்டிவிட்டாள்.

"உட்காருங்க. மொதல்லேர்ந்து சொல்லுங்க" என்றார் லூயிசா.

யோகேஸ்வரி சொன்னாள். அவளுடைய தாத்தா குப்புசாமி, எழுபத்தைந்து வருடங்களுக்கு முன்பு கர்ப்பிணி மனைவியை இங்கே விட்டுவிட்டு மலாயாவின் ரவூப் தங்கச் சுரங்கத்துக்குப் போனவர். அங்கேயே இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்டார். இங்கே பிறந்த மகள்தான் ஷில்பாவின் மாமியார் வெங்கடம்மா. அவர் அப்பன் முகத்தையே பார்த்ததில்லை. தாத்தாவின் சொந்தங்களைத் தேடிப் போன வாரம் வந்த யோகேஸ்வரி, அத்தைக்கென்று ஒரு படம் கொண்டுவந்தாள். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்க, அவர் மடியில் ஐந்து வயது யோகேஸ்வரி.

"நேத்து சாயங்காலம் அத்தை வீட்டுல இருந்த பழைய ஃபிரேம்ல போட்டு, நானே கூடத்துல ஆணியில மாட்டினேன். ராத்திரி முழுக்க ஃபேன் காத்துக்கு டக்கு டக்குன்னு சுவத்துல இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. காலையில ஏழு மணிக்குக்கூடப் படம் இருந்தது. ஷில்பாவோட கடைக்குப் போய்ட்டு ஒன்பதுக்கு வந்தா, ஃபிரேம் மட்டும் அதே இடத்துல தொங்குது. உள்ள வெறும் அட்டை."

"போன்ல படம் எடுத்து வெச்சிருப்பியேம்மா?" என்றாள் நளினி.

"இருக்கு. ஆனா தாத்தா கை பட்டது அது ஒண்ணுதான். அதைவிட, அந்த வீட்டுல யாருக்கோ நான் வந்தது பிடிக்கல. நாளைக்குக் கிளம்பறேன். யாருன்னு தெரியாமப் போனா, இந்தச் சொந்தமே வேண்டாம்னுதான் போவேன்."

"யாருன்னு எனக்குத் தெரியும்" என்றாள் ஷில்பா. "தங்கவேலு அண்ணன்தான். தன் மாடி வீட்ட விட்டுட்டு எங்க சின்ன மைன்ஸ் லைன் வீட்டுல இவங்க தங்கிட்டாங்கன்னு வயிறெரிஞ்சிட்டு இருக்காரு."

தங்கவேலு, வெங்கடம்மாவின் பெரியப்பா பேரன். குடியாத்தத்திலிருந்து வந்து ஏழு வருடமாகக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்துகிறவர்.

வெங்கடம்மா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நளினி ஷில்பாவையே ஓரக்கண்ணால் பார்த்தாள். லூயிசாவின் காதருகில் வந்து, "இவமேலயும் எனக்கு டவுட்டு சிஸ்டர். ஒரு வாரமா இவ புருஷன் மனோகர் மலேசியாக்காரம்மா மீன் கொழம்பத்தான் புகழ்றானாம். பர்ஸ மறந்துட்டேன்னு கடையிலேர்ந்து நடுவுல வீட்டுக்கு வேற வந்திருக்கா" என்றாள்.

"மனோகர்?"

"விடியறதுக்குள்ள பெங்களூர் ரயிலுக்குப் போயாச்சு. அவனை வுட்டுடுங்க."

வீட்டில் வெங்கடம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தங்கவேலுவும் வந்திருந்தார். வந்தவர், ஷில்பா காலையிலேயே தன்னைத் திருடன் என்றதற்காக இந்த வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை என்று வீட்டுக்குள் நின்றே கத்திக்கொண்டிருந்தார்.

லூயிசா நேராக ஸ்விட்சிடம் போனார். ஃபேனை முழு வேகத்தில் போட்டார். நாட்காட்டித் தாள்கள் படபடத்தன. முருகன் படமோ, மாலை போட்ட வெங்கடம்மாவின் கணவர் படமோ அசையவில்லை. காலியான ஃபிரேமும் அசையவில்லை. லூயிசா கிட்டே போய் அதன் கீழ்விளிம்பைத் தடவிப் பார்த்தார்.

"காலையில வீட்டுல யார் யார் இருந்தீங்க?"

"நான் எட்டு மணிக்கு வந்தேன்" என்றார் தங்கவேலு. "கூடத்துல யாருமில்ல. அத்தை பின்னாடி தண்ணி பிடிச்சிட்டு இருந்துச்சு. திரும்பிட்டேன்."

"நான் பர்ஸ எடுத்துட்டு ஓடிட்டேன்" என்றாள் ஷில்பா.

"அத்தைய கேக்காதீங்க" என்றாள் யோகேஸ்வரி. "படமே அவங்களுக்குக் கொடுத்ததுதான்."

தனக்குக் கொடுத்த பொருளைத் தானே யாராவது திருடுவார்களா? நளினிகூடத் தலையாட்டினாள்.

லூயிசா ஃபிரேமின் அடியில் எதையோ அவிழ்த்து அதைக் கழற்றினார். மேசைமேல் வைத்து, பக்கத்தில் ஒரு துண்டுக் கம்பியையும் வைத்தார். "ஒவ்வொருத்தரா வந்து இதை மாட்டுங்க."

தங்கவேலு முறைத்துக்கொண்டே மேல் ஆணியில் மாட்டி, கோணலைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். ஃபேன் காற்றில் ஃபிரேம் டக்கு டக்கென்று இடித்தது. ஷில்பா மாட்டியபோதும் அப்படியே. பிறகு வெங்கடம்மா எழுந்துவந்தார். மேல் ஆணியில் மாட்டினார். கை தானாக மேசைக்குப் போய்க் கம்பியை எடுத்தது. ஃபிரேமின் கீழ்க் கொக்கியில் கோத்து, கீழிருந்த பழைய ஆணியில் இரண்டு சுற்றுச் சுற்றி முறுக்கியது. பாதியில் அவருக்கே புரிந்துவிட்டது. கை நின்றது.

"அவ்ளோதான்" என்றார் லூயிசா மெதுவாக. "ஏர்பிளாஸ்ட் வந்தா இன்னா ஆவும்னு பார்த்தவங்க செய்யற வேலை இது. பூமிக்கடியில பாறை வெடிச்சா, மேல நம்ம வீடு ஆடும், சுவத்துல இருக்கறதெல்லாம் கீழ வந்துடும். அதனால அந்தக் காலத்து ஆளுங்க படத்த மேலயும் கீழயும் கட்டுவோம். மைன்ஸ் மூடி இத்தினி வருஷம் கழிச்சு வந்த தங்கவேலுவுக்கு அது தெரியாது. பெங்களூர்ல பொறந்த ஷில்பாவுக்கும் தெரியாது. யோகேஸ்வரி மாட்டினப்போ ராத்திரி பூரா இடிச்சிருக்கு. இன்னிக்கு இடிக்கல. படத்த எடுத்தவங்க ஃபிரேமைத் திருப்பி மாட்டும்போது, பழக்கதோஷத்துல கீழயும் கட்டிட்டாங்க."

"சொந்தப் படத்தை எதுக்கு சிஸ்டர்?" என்றாள் நளினி.

வெங்கடம்மா இடுப்புச் செருகலிலிருந்து படத்தை எடுத்தார். குப்புசாமியின் கழுத்துக்குக் கீழே அழுத்தி மடித்திருந்தது. முகம் மட்டும் மேலே தெரிந்தது. மடியும் குழந்தையும் பின்னால் போயிருந்தன.

"எம்மூஞ்சிக்கு நேரா மாட்டிட்டா" என்றார். "கண்ண தொறந்தா, எங்கப்பன் மடியில வேற ஒரு பொண்ணு. எங்கம்மா யார் யார் வூட்டுலயோ அடுப்பு ஊதியே செத்தா. அந்த மடியில நான் ஒரு நாளு உக்காந்ததில்ல, அப்பனை நைனான்னு கூப்பிட்டதில்ல. எழுபத்தஞ்சு வயசுல ஒரு சின்னக் கொழந்தையப் பார்த்துப் பொறாமை. எனக்கே அசிங்கமாத்தான் கீது. இன்னா பண்ண சொல்ற?"

ஷில்பா தங்கவேலுவைப் பார்த்து, "தப்பா பேசிட்டேண்ணா" என்றாள்.

யோகேஸ்வரி அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நானும் ஒண்ணு மறைச்சேன் அத்தை. ஒரு வாரமாச் சொல்ல வாய் வரல. இங்க பொண்ணு பொறந்திருக்கு, பேரு வெங்கடம்மான்னு தாத்தாவுக்குக் கடுதாசி வந்திருக்கு. அவர் சாகற வரைக்கும் என்னை யோகேஸ்வரின்னு கூப்பிட்டதே இல்ல. மடியில தூக்கி வெச்சுக்கிட்டுக் கூப்பிடறப்பல்லாம் உங்க பேரச் சொல்லித்தான் கூப்பிடுவாரு. யாரு அந்த வெங்கடம்மான்னு எனக்குச் சின்ன வயசுலேருந்தே ஆத்திரம். அவளைப் பார்க்கணும்னுதான் கடல் தாண்டி வந்தேன். சொல்லிட்டா, எனக்கிருந்த தாத்தாவும் உங்களுக்குன்னு ஆயிடுவாரேன்னு இருந்துச்சு."

வெங்கடம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்டி கூப்பிடுவாரு?"

யோகேஸ்வரி தொண்டையைச் செருமினாள். கிழவனின் குரலை வரவழைத்துக்கொண்டு, "ஏ வெங்கடம்மா... இங்க வாமே" என்றாள்.

வெங்கடம்மா சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"இன்னா நைனா" என்றார்.