எத்ரிக்கின் மூன்றாவது பொருள்

சனிக்கிழமை, பகல் 1.10.

"கோலைக் காணோம்" என்றாள் டாம்சின்.

பர்னி துறைமுகத்தின் மேட்டுத் தெருவில், புல்தரைப் பந்துருட்டும் கிளப்புக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மதியம் இரண்டு மணிக்கு ஐந்து பேர் அங்கே கூடிப் பகடை உருட்டி, இல்லாத ஒரு நாட்டில் இல்லாத பூதங்களோடு சண்டை போடுவார்கள். எட்டு வருடமாக நடக்கிறது. இப்போது அவர்கள் நான்கு பேர். ஐந்தாமவன் லாக்லன் ரெனிசன், இவர்களுக்கு லாக்கி. இருபத்தாறு வயது. பிறவியிலேயே பழுதான இதயம். மே மாதம் ஒன்பதாம் தேதி விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டான்.

இன்று கடைசி ஆட்டம். லாக்லன் ஆடிவந்த மந்திரவாதி எத்ரிக்குக்கு மரியாதையாக விடை கொடுக்க ஏற்பாடு. லாக்லனின் நாற்காலியில் அவன் அப்பா டெஸ் உட்கார்ந்து எத்ரிக்குக்காகப் பேசுவார். முடிவும் தயார். எத்ரிக் தன் இடிக்கோலை முழங்காலில் வைத்து ஒடிப்பான். அந்த வெடிப்பில் எதிரிப் படை அழியும், நண்பர்கள் பிழைப்பார்கள், எத்ரிக் சாவான்.

அந்தக் கோலைத்தான் காணோம்.

கோல் என்றால் சீட்டுக்கட்டு அளவில் ஓர் அட்டை, அவ்வளவுதான். எத்ரிக் எட்டு வருடத்தில் சேர்த்த இருபத்துமூன்று மந்திரப் பொருள்களுக்கும் லாக்லன் கைப்பட அட்டை எழுதி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் நுணுக்கி நுணுக்கி எழுதி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் போட்டிருந்தான். அட்டை இல்லாத பொருள் ஆட்டத்தில் இல்லை என்பது அந்த மேசையின் சட்டம். மேசையில் யாரும் மீறியதில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. இருபத்துமூன்று பொருள் இருந்தாலும் மந்திரவாதி ஒரு நேரத்தில் மூன்றைத்தான் தன்னோடு பிணைத்துக்கொள்ளலாம். எந்த மூன்று என்பதில்தான் அவனுடைய கெட்டிக்காரத்தனமெல்லாம் இருக்கிறது. தப்பான மூன்றைக் கட்டினால் எவ்வளவு பெரிய மந்திரவாதியும் உருப்படாமல் போவான். பிணைத்த மூன்றையும் லாக்லன் ஒரு சிவப்புக் கிளிப்பில் மாட்டி, அட்டைகளைச் சேர்த்து வைக்கும் ஃபைலின் முதல் பக்கத்தில் வைப்பான். போன சனிக்கிழமை எல்லாரும் பார்த்தபோது கிளிப்பில் மேலங்கி, மோதிரம், இடிக்கோல் என மூன்று அட்டை இருந்தன. இப்போதும் மூன்று அட்டைதான் இருந்தன. மேலங்கி, மோதிரம், துடிப்புப் பதக்கம்.

"டேய், எங்கடா வெச்சிருக்கே?" டாம்சின் நேராகப் பெவனிடம் திரும்பினாள்.

"நான் ஏன் எடுக்கப் போறேன்?"

"ஏன்னா நீதான் கேட்டே! மண்ணு காயறதுக்குள்ள கோலைக் குடுன்னு கேட்டவன் நீதானே?"

பெவன் கோட்டை எடுத்து மாட்ட ஆரம்பித்தான். ஐந்தாவது நாற்காலியில் டெஸ் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரும் வெளிய போகக் கூடாது" என்றாள் கெர்ரி.

கெர்ரி பைபஸ் இந்த மேசையில் கோடரி வீசும் குள்ளச்சி. மற்ற நாளில் பர்னி காவல் நிலையத்தின் சார்ஜன்ட். பதினான்கு வருடமாகத் திருடர்களோடு பழகியவள். பொய் சொல்கிறவனை விட, கேட்காமலே நிஜத்தைச் சொல்ல வருகிறவனிடம்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம்.

"நீ சீரியஸாவா சொல்றே? ஒரு அட்டைக்கா?" என்றான் பெவன்.

"ஆமா. அந்த அட்டைக்குத்தான். ஒவ்வொருத்தரா சமையல் ரூமுக்கு வாங்க."

ஃபைல் இருக்கும் அலமாரியின் சாவி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். எல்லாருக்கும் தெரியும். வாரத்தில் எந்த நாளும் யார் வேண்டுமானாலும் வந்து திறந்திருக்கலாம். ஆகவே எப்படி என்ற கேள்வியில் அவள் நேரத்தை வீணாக்கவில்லை.

1.20. பெவன் லட்ரல், சூனியக்காரியாக ஆடுபவன்.

"கோலை எடுத்தியா?"

"இல்ல."

"வேணும்னு கேட்டே."

"கேட்டேன். ஒடிக்கிறது சுத்த வீண். என் சூனியக்காரி கையில இருந்தா அவ அடி நாப்பது சதவீதம் கூடும். கணக்குப் போட்டே காட்டினேன்."

"சவ அடக்கம் முடிஞ்ச ஆறாம் நாள் காட்டினே."

அவன் காது சிவந்தது. "லாக்கிக்கும் எனக்கும் அதுதான் பேச்சே, கெர்ரி. எந்த மூணைக் கட்டலாம், எதைக் கழட்டலாம்னு தினம் மெசேஜ் போடுவோம். அவன் போறதுக்கு முந்தின சாயங்காலம்கூட மேலங்கியைப் பத்தி என்கூட சண்டை போட்டான். எனக்கு வேற எதையும் பேசத் தெரியல. அவன் போன பிறகும் அதையேதான் பேசினேன்."

கெர்ரி பதக்க அட்டையை நீட்டினாள். அவன் வாங்கினான், திருப்பிப் பார்த்தான், மேசைமேல் எறிந்தான்.

"குப்பை. மூணாவது இடத்துல இதைக் கட்டறவன் மந்திரவாதி இல்ல, மூட்டை."

1.30. டாம்சின் கீல், குழுவின் வைத்தியச்சி.

"இந்த வாரம் இங்க வந்தியா?"

"வியாழக்கிழமை. அழறதுக்கு வந்தேன். வீட்டுல அம்மா இருக்காங்க. அவங்க முன்னாடி அழுதா ஏன்னு கேப்பாங்க."

ஏன் என்று கெர்ரி கேட்கவில்லை. இரண்டு வருடமாக அவளுக்குத் தெரியும். இந்த மேசையில் லாக்லனுக்கு மட்டும்தான் தெரியாது.

"ஃபைலைத் தொட்டியா?"

"தொடல. தைரியம் வரல."

பதக்க அட்டை கைமாறியது. டாம்சின் அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இதெதுக்கு அவனுக்கு? இதயம் நின்னா எழுப்பறதுக்குத்தான் நான் இருக்கேனே." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முகத்தைப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றாள். விசாரணை அங்கே ஐந்து நிமிடம் நின்று போனது.

1.42. நெவில் க்ரேஸ், கதை நடத்துபவர். ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார்.

"நான் எதுக்கும்மா எடுக்கணும்? கோல் வேணாம்னா ஒரு திருடன் வந்து தூக்கிட்டுப் போனான்னு ஒரு வரி சொன்னா முடிஞ்சு போச்சு. அந்த உலகத்துல மழையே நான் சொன்னாத்தான் பெய்யும்." அவரும் பதக்க அட்டையை வாங்கித் திருப்பினார், மறுபடி முன்பக்கம் பார்த்தார். "இது அவனுக்கு மூணாம் வருஷம் கிடைச்சது. ஒரு தடவைகூடக் கட்டினதில்ல."

"முடிவு என்னன்னு டெஸ்கிட்டச் சொன்னீங்களா?"

"செவ்வாய்க்கிழமை போன்ல சொன்னேன். இப்படி இப்படி, கோலை ஒடிப்பான், எங்களையெல்லாம் காப்பாத்திட்டுச் சாவான்னு. கேட்டுட்டுச் சரின்னார்."

1.50. டெஸ் ரெனிசன். முப்பது வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். அந்த உடம்புக்குச் சமையல் அறை நாற்காலி போதவில்லை.

"டீ போடட்டுமா?"

"வேணாம்மா."

"இந்த வாரம் வந்தீங்களா?"

"புதன்கிழமை வந்தேன். அவன் எங்க உக்காருவான்னு பாக்கலாம்னு."

"ஃபைலைத் திறந்தீங்களா?"

"திறந்தேன். அவன் எழுத்து இருக்குமே."

கெர்ரி அட்டையை நீட்டினாள். டெஸ் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். உதடு அசைய ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தார். வாசித்து முடித்தும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு இரண்டு கையாலும் பிடித்து அவளிடமே நீட்டினார்.

"நல்ல பொருள்தானேம்மா?"

"நல்ல பொருள்தான்" என்றாள் கெர்ரி. அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது. இந்த விசாரணையை இங்கேயே மூடிவிட முடியுமா என்றுகூட ஒரு நிமிடம் யோசித்தாள். அதற்குள் அடுத்த அறையில் சத்தம் கேட்டது.

2.00. டாம்சின் பெவனின் பையைத் தலைகீழாகக் கவிழ்த்திருந்தாள். பகடைகள் தரையெல்லாம் ஓடின. பெவன் குனிந்து ஒன்றைக்கூடப் பொறுக்கவில்லை.

"நல்லாத் தேடு. கிடைக்கலன்னா வீட்டுக்கும் வந்து தேடு. நான் இனிமே இந்த ரூமுக்கு வரமாட்டேன்."

"வராதே! அவன் செத்ததுல உனக்குக் கோல்தான் கவலை!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க" என்றாள் கெர்ரி. "பெவன் எடுக்கல. நம்ம நாலு பேருல யாரும் எடுக்கல."

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். டெஸ் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"கோல் போனதையே எல்லாரும் பார்த்தோம். அந்த இடத்துல என்ன வந்திருக்குன்னு யாரும் யோசிக்கல. திருடறவன் எடுத்துட்டுப் போயிடுவான். கிளிப்புல ரெண்டு அட்டைதான் இருக்கும். இதை எடுத்தவங்க மெனக்கெட்டு மூணாவதா ஒண்ணைத் தேடிக் கட்டியிருக்காங்க. ஏன்? எத்ரிக் ஒண்ணும் இல்லாம நிக்கக் கூடாது. எத்ரிக் சாகக் கூடாது. கோலை எடுத்ததும் அதுக்குத்தான்."

"அதுக்குப் போய் அந்தப் பதக்கமா?" என்றான் பெவன்.

"அதேதான். அது குப்பைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"பின்னாடி எழுதியிருக்கே."

"லாக்கி எல்லா அட்டையிலயும் முன்னாடி அந்தப் பொருள் என்ன குடுக்கும்னு எழுதுவான். என்ன கேக்கும்னு பின்னாடி எழுதுவான். இங்க ஆடறவங்க யார் கையில அட்டையைக் குடுத்தாலும் முதல்ல திருப்புவோம். நீ திருப்பினே, டாம்சின் திருப்பினா, நெவில் திருப்பினார். யாரும் யோசிச்சுச் செய்யல, கைப்பழக்கம். பின்பக்கம் தெரிஞ்ச யாரும் எத்ரிக்குக்கு அதைக் கட்டமாட்டோம். முன்பக்கத்தை மட்டும் படிச்ச ஒருத்தர் கட்டியிருக்கார்." அவள் குரல் தாழ்ந்தது. "முன்பக்கத்துல என்ன எழுதியிருக்குன்னு சொல்லுங்க, டெஸ்."

டெஸ் பார்க்காமலே சொன்னார். "இதை அணிந்தவரின் இதயம் ஒருபோதும் நிற்காது."

பிறகு கோட்டின் உள்பையில் கைவிட்டு இடிக்கோல் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"வீட்டுல எங்க வெச்சாலும் மனசு கேக்கல. கூடவே எடுத்துட்டுத் திரிஞ்சேன். பெவன், உன் பேர் கெட்டுப்போகும்னு நான் நினைக்கல தம்பி. மன்னிச்சுக்கோ. எனக்கு உங்க ஆட்டம் ஒண்ணும் புரியல. எல்லா அட்டையையும் படிச்சேன். நெருப்பு, இடி, பறக்கறதுன்னு என்னென்னவோ இருந்தது. இது ஒண்ணுதான் எனக்குப் புரிஞ்சுது. இவ்வளவு நல்லதை வெச்சுக்கிட்டு இந்தப் பையன் ஏன் மாட்டிக்கலன்னு கோபம்கூட வந்தது. ஒரு தடவை செத்தது போதாதா அவன்?"

பெவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பின்னாடி என்னதான் எழுதியிருக்கான்?" என்று கேட்டார் டெஸ்.

யாரும் அதை வாசிக்க முன்வரவில்லை. அவரே திருப்பினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மகனின் எழுத்தை வாய்விட்டுப் படித்தார்.

"இதை அணிந்திருக்கும்வரை எந்த மந்திரமும் செய்ய முடியாது. நடக்கக் கூடாது. சும்மா உட்கார்ந்து மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்."

இரண்டாம் முறையும் படித்தார், மனதுக்குள். பிறகு அட்டையை மெல்லக் கீழே வைத்தார்.

"கடைசிப் பதினோரு சனிக்கிழமை நான் அவனை இங்க விடல. படி ஏறக் கூடாது, குளிர் ஆகாது, கத்திச் சிரிக்கக் கூடாதுன்னேன். ஜன்னல்கிட்ட உக்காந்து போனையே பார்த்துக்கிட்டிருப்பான். ஒரு நாள் மட்டும் விடுப்பான்னு கேட்டான். ஒரே ஒரு நாள். நான் கார் சாவியை எடுத்து ஒளிச்சு வெச்சேன். உயிரோட இருந்தா போதும்னுதானே செஞ்சேன்."

டாம்சின் எழுந்து போய் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பெரிய உடம்பு குலுங்கியதை நான்கு பேரும் பார்த்தார்கள். சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் இல்லை. இருந்திருந்தாலும் கெர்ரி அதைத் தேடியிருக்க மாட்டாள்.

"டெஸ், இன்னைக்கு ஆட வேண்டாம்" என்றார் நெவில். "பதக்கமே இருக்கட்டும். எத்ரிக் ஒரு மலை அடிவாரத்துல உக்காந்திருக்கான்னு எழுதிடறேன். சாகவே வேண்டாம்."

டெஸ் சிவப்புக் கிளிப்பைத் தன் பக்கம் இழுத்து, பதக்கத்தைக் கழற்றினார். அந்த இடத்தில் கோலை மாட்டினார். தடித்த விரலுக்குள் கிளிப் அடங்கவில்லை, மூன்று தடவை முயன்றார்.

"அவன் உக்காந்தது போதும்ப்பா. ஆரம்பிங்க."

மாலை 5.35.

கோட்டை வாசல் உடைந்தது. எதிரிப் படை உள்ளே வந்தது. குள்ளச்சியின் கோடரி போனது, சூனியக்காரி மண்டியிட்டிருந்தாள், வைத்தியச்சியிடம் மருந்து இல்லை. நெவில் தன் குறிப்புகளை மறைக்க நிறுத்தியிருந்த தடுப்பு அட்டைக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"எத்ரிக், இப்ப நீ என்ன பண்றே?"

டெஸ் கோல் அட்டையைக் கையில் எடுத்தார்.

"ஒண்ணு கேக்கணும். ஒடிச்சா அவனுக்கு வலிக்குமா?"

நெவில் விதிப் புத்தகத்தைத் தொடவில்லை. "வலிக்காது, டெஸ். ஒரு நொடிகூட வலிக்காது."

"பயப்படுவானா?"

"நாங்க எல்லாரும் பக்கத்துலயே நிக்கறோம்" என்றாள் டாம்சின். "அவன் கையை நான் பிடிச்சிருக்கேன்."

டெஸ் தலையாட்டினார். கண்ணீரைத் துடைக்கவில்லை.

"அன்னைக்கு நான் பக்கத்து ரூம்ல தூங்கிட்டிருந்தேன்" என்றார்.

பெவன் தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். டெஸ் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு அட்டையை இரண்டு கையாலும் முழங்காலின்மேல் வைத்துக்கொண்டு, "ஒடிச்சிட்டான்" என்றார்.