உடன் குடியிருப்பவர்

பால் பாக்கெட்டின் மேல் நீலமாக ஒரு கட்டைவிரல் தடம் இருந்தது. ஃபிரிட்ஜின் ஈரத்திலும் கலையாமல், சுழி சுழியாக, அப்போதுதான் வைத்ததுபோல. கடைக்காரர் கை மையாக இருக்கும் என்று சுடர்விழி அதைத் துடைத்துவிட்டு டீ போட்டாள்.

லாஸ்பேட்டையில் அந்த மாடி வீடு, அவள் முதல்முதலாகத் தன் பேரில் எடுத்த வீடு. அதற்கு முன் ஏறி இறங்கிய வாசல்களில் எல்லாம் ஒரே கேள்விதான்: "கூட யாரு இருக்காங்க?" யாரும் இல்லை என்றதும் கதவு மூடிக்கொள்ளும். தங்கியிருந்த ஹாஸ்டலையும் மூடப்போகிறார்கள். இதுவும் கிடைக்காவிட்டால் அண்ணன் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். அங்கே அவளுக்குச் சோறு உண்டு, சாவி கிடையாது.

புரோக்கர் அம்மாவாசை வழி சொன்னார்.

"ஒண்டிப் பொண்ணுன்னா வீட்டுக்கார மதாம் குடுக்கமாட்டாங்கம்மா. அக்கான்னு ஒரு பேரு சேத்துக்க. வெளியூர்ல வேல, வந்து வந்து போவும்னு நான் சொல்லிக்கிறேன்."

"எனக்கு அக்கா இல்லீங்களே."

"பேப்பருக்கு அது தெரியுமா? எம் பேருக்கு எதிரா பூர்ணிமான்னு வெச்சிக்கலாம்." அவரே சிரித்துக்கொண்டார். "ரெண்டு கையெழுத்தும் ஒரே மாறி இருந்தா மாட்டிப்போம். அக்காவுக்கு ரேகை வெச்சிடு. இடது கட்டவிரலு."

அவள் வேலையே ரேகை எடுப்பதுதான். சேவை மையத்துக் கருவியின் கண்ணாடியில் ஊரார் விரல்களை அழுத்திப் பிடிப்பாள். வலை இழுத்துத் தேய்ந்த கனகசெட்டிக்குளத்து விரல்களை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கேட்காதவர்களுக்கும் விளக்குவாள்: தோலில் மேடும் பள்ளமும் இருக்கின்றன, மேடு கண்ணாடியில் படியும், பள்ளம் படியாது, அந்த வித்தியாசத்தைத்தான் கருவி படிக்கிறது. தாய் வயிற்றிலேயே விழுந்த கோலம் அது, ஒருவருடையது இன்னொருவருக்கு வாய்க்காது. இத்தனையும் தெரிந்தவள்தான் மைப்பெட்டியில் விரலை உருட்டி, 'உடன் குடியிருப்பவர்' என்ற வரிக்கு நேரே பூர்ணிமாவுக்காக வைத்தாள். ஒப்பந்தப் பத்திரமும் ஒரு கருவிதான். அப்படி ஓர் ஆள் உண்டா என்று அது கேட்பதில்லை. பேரும் அடையாளமும் கொடுத்துவிட்டால், உண்டு என்று வாங்கிவைத்துக்கொள்ளும்.

பால் பாக்கெட்டில் தடம் கண்ட அன்று மாலை, விளக்குப் போடாமல் கட்டிலில் சாய்ந்திருந்தபோது, குளியலறைக் குழாய் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, ஈரக்கால் தரையில் ஒட்டி ஒட்டிப் பிரிவதுபோல ஓர் ஓசை சமையலறைவரை போய் நின்றது. அதன் பின்னாலேயே, மூடி திறந்துகிடக்கும் மைப்பெட்டியின் கசந்த வாசனை கூடம் முழுக்க மெல்ல நிறைந்தது. விளக்கைப் போட்டாள். யாருமில்லை. சுவிட்சின் மேல் நீலத் தடம்.

காலையில் மாடிப்படியடியில் மதாம் மர்த் நின்றிருந்தார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்காரர். கணவர் விட்டுப்போன பிரெஞ்சு ராணுவ பென்ஷனில் தனியாக வாழ்பவர்.

"அலோர், அப்போ அக்கா வந்தாச்சா? பகல்ல நடமாட்டம் கேக்குதே. அமரிக்கையான பொண்ணு. உன்ன மாறி கதவ அறையறதில்ல."

அக்காவே கிடையாது என்றால் வீடு போய்விடும்.

"வந்திருக்காங்க மதாம்," என்றாள்.

சொன்னதும் மேலே, அவள் பூட்டிவிட்டு வந்த வீட்டில், நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அலுவலக வருகைக் கருவியில் இடது கட்டைவிரலை வைத்தாள். ஏற்கவில்லை. துடைத்து வைத்தாள். ஏற்கவில்லை. விளக்கடியில் விரலைத் திருப்பிப் பார்த்தாள். மேடு இல்லை. பள்ளம் இல்லை. குழந்தை சப்பி வைத்த புளியங்கொட்டைபோல ஒரே வழவழப்பு. பக்கத்து விரலிலும் கோடுகள் மங்கிக்கொண்டிருந்தன.

உண்மையைச் சொல்லிவிடுவோம். வீடு போனால் போகட்டும். ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு மதாமிடம் போகலாம் என்று இருட்டும் நேரத்தில் படியேறினாள். சாவியைத் திருப்பினாள். பூட்டு திறந்தது. கதவு திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள்.

தட்டினாள். உள்ளே தாளிக்கும் வாசனை. கடுகு வெடித்தது. மறுபடி தட்டினாள். படியில் செருப்புச் சத்தம். மர்த் டார்ச்சோடு ஏறி வந்தார். வெளிச்சம் அவள் முகத்தில் நின்றது.

"யாரும்மா நீ?"

"நான்தான் மதாம். சுடர்விழி."

"சுடரு உள்ள இருக்கே. இப்பத்தான் எங்கிட்ட மோர் வாங்கினு போச்சு." கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கூர்ந்து பார்த்தார். "பூர்ணிமாவா நீ? சாடை கொஞ்சம் இருக்கு."

"இல்ல மதாம். அக்கான்னு யாரும் கெடையாது. நான் பொய் சொல்லிட்டேன்..."

"அக்கா கெடையாதுன்னா நீ யாரு?"

தாழ்ப்பாள் விலகியது. கதவு ஒரு சாண் திறந்தது. இருட்டு. மை வாசனை. உள்ளேயிருந்து அவளுடைய குரலே, நிதானமாக, மர்த்திடம் கேட்டது:

"கூட யாரு இருக்காங்க மதாம்?"

டார்ச் அவளைச் சுற்றி ஒருமுறை போய்வந்தது. படி. சுவர். வெறும் வாசல்.

"யாரும் இல்ல," என்றார் மர்த்.

கதவின் விளிம்பைப் பிடித்தபடி ஓர் இடது கை வெளியே வந்தது. கட்டைவிரல் நீலமாக இருந்தது. அவ்வளவு அருகில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தச் சுழிகள் ஒவ்வொன்றும் மேடும் பள்ளமுமாகத் துலங்கின. விரல் மரத்தில் அழுந்தி, கதவை மெதுவாக இழுத்து மூடிக்கொண்டது.