உரிமையாளரின் ஆயுள் வரை

வியாழக்கிழமை காலை அலுவலகத்துக்குக் கிளம்பியவர், காருக்குள் உட்கார்ந்து வழிகாட்டிக் கருவியைத் தட்டி எழுப்பியபோது, திரையில் அவருடைய தெருவைக் காணவில்லை.

கார் நிற்கும் இடத்தைக் காட்டும் நீல அம்பு இருந்தது. அதைச் சுற்றி வீடு இல்லை, முக்கு இல்லை, மருந்துக்கடைத் திருப்பம் இல்லை; பழைய கோப்பு அட்டையின் மங்கிய மஞ்சள் நிறம் திரையின் விளிம்புவரை பரவிக் கிடந்தது. திரையை விரலால் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். ஊரே இல்லை. வெகு தூரம் கிழக்கே, மூன்று மணி நேரப் பயணத் தொலைவில், ஒரு சிறு நகரம் மட்டும் தன் தெருக்களோடு தட்டில் காய்ந்த பருக்கை போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அது அவர் மகள் இருக்கும் ஊர்.

முந்தைய நாள் மாலை வரைபடத்தைப் புதுப்பிக்கக் கருவியைக் கணினியோடு இணைத்தபோதே ஓர் உறுத்தல் இருந்தது. முக்கால் மணி நேரம் ஓடும் அப்டேட் மூன்றே நிமிடத்தில் முடிந்துவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று கம்பியை உருவிவிட்டார்.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் மேற்படியார். வழிகாட்டிக் கருவி விற்கும் கம்பெனியின் சேவைப் பிரிவில், வாடிக்கையாளர் கடிதங்களுக்கு இருபத்தாறு வருடமாகப் பதில் எழுதுகிறவர். மேற்படி கருவி, மேற்படி புகார், மேற்படி தேதி என்று எழுதி எழுதி, டீக்கடையில் இரண்டாவது டீ வேண்டுமென்றால் "மேற்படி ஒண்ணு" என்பார் என்று ஒரு வதந்தி உண்டு.

அங்கே கருவிகளைப் பழுது பார்க்கும் பெண் அவருடைய கருவியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல கோளாறு ஒண்ணும் இல்ல சார். நம்மளைவிட ஆரோக்கியமா இருக்கு."

"அப்ப ஊர் எங்கம்மா போச்சு?"

"அதை நிபந்தனை எழுதினவரைத்தான் கேக்கணும்." அச்சடித்த தாளை எடுத்து அவர் முன்னால் போட்டாள்.

எழுதியவர் அவரேதான். வாழ்நாள் முழுவதும் வரைபடம் இலவசம் என்று கம்பெனி அறிவித்தபோது, அதன் நிபந்தனைகளைத் தமிழில் எழுதும் வேலை அவரிடம் வந்தது. மேலிடம் சொன்னது கருவியின் ஆயுள்; பெட்டி எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள். உயிரில்லாத பெட்டிக்கு ஆயுள் ஏது என்று அவர் மனம் ஒப்பவில்லை. 'உரிமையாளரின் ஆயுள் வரை' என்று திருத்தினார். பழைய கருவிகளில் இடம் போதாது என்று யாரோ முனகியதால், 'அன்னாரின் எஞ்சிய ஆயுளுக்குத் தேவையான பகுதி மட்டும்' என்று ஒரு வரி சேர்த்தார். முடிவில், 'அன்னாருக்குப் பின் கருவி எவர் கைவசம் உள்ளதோ அவரே உரிமையாளர்.' வாக்கியம் வாகாக விழுந்ததில் அன்றைக்கு அவருக்கு ஒரே பெருமை. ஒருவரும் படித்துப் பார்க்காமல் அச்சுக்குப் போயிற்று.

"எஞ்சிய ஆயுளுக்குத் தேவையான பகுதி மட்டும்," என்று அவள் நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "அப்ப நம்ம ஊர் இனிமே தேவையில்லைன்னு இது முடிவு பண்ணிடுச்சு சார். சீக்கிரமா போய்ச் சேர்ந்துடுவீங்க போல."

போய்ச் சேர்வது என்பதன் மறுபொருள் உறைத்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பக்கத்து மேசைகளில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். அது பல்லோடு நின்றது.

மகள் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போய் ஆறு வருடம். அவர் சத்தம் போடவில்லை, சாபம் விடவில்லை. அவள் எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒழுங்காகப் பதில் எழுதினார். 'பார்வையில் காணும் தங்கள் கடிதம் கிடைக்கப்பெற்றது. தாங்கள் கோரிய மன்னிப்பு பரிசீலனையில் உள்ளது.' வரிசை எண் இட்டு, நகல் எடுத்து, கோப்பில் வைத்தார். பதினோராவது கடிதத்தோடு அவள் எழுதுவதை நிறுத்திக்கொண்டாள். இப்போது நிறைமாதம். அவர் மனைவி ஒரு மாதமாக அங்கேதான் இருக்கிறாள்.

அன்று மாலை மனைவி போன் செய்தாள்.

"இவளுக்கு பிரஷர் ஏறிக்கிட்டே போகுதாம். ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

"ஆபீஸ்ல வேலை தலைக்கு மேல கிடக்கு."

"உங்க தலைக்கு மேல என்னைக்குத்தான் வேலை இல்லாம இருந்துச்சு? இருங்க, அவளே பேசணுங்கறா."

ஆறு வருடம் கழித்து அந்தக் குரல். மாடிப்படி ஏறி வந்தவள்போல மூச்சு வாங்கியது.

"அப்பா, வர்றீங்களா?"

அவர் கண் மேசைமேல் கிடந்த கருவியில் இருந்தது. மஞ்சளுக்கு நடுவே அந்த ஒரே ஊர்.

"பரிசீலிக்கிறேன்," என்றார்.

 மறுமுனையில் ஒரு சின்னச் சிரிப்பு. "சரிங்க, மேற்படியார்."

இதுவரை அவரைத் தடுத்தது வீம்பு. இனித் தடுக்கப்போவது பயம். உரிமையாளரின் எஞ்சிய ஆயுள் அந்த ஊருக்குள் முடிகிறது என்றால், அந்த ஊருக்குள் காலை வைக்காதவரை ஆயுள் முடியாது. கடிதம் எழுதுகிறவரின் கணக்கு அப்படி ஓடியது. வெள்ளிக்கிழமை விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டிலேயே இருந்தார்.

கருவியை இரும்பு பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தார். கணினிக் கம்பி வேறொரு அறையில், இழுப்பறைக்குள் சுருண்டிருந்தது. மதிய வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலைத் தரையில் நீட்டிக்கொண்டு போக, குழாய் சொட்டும் சத்தமும் பிரிட்ஜ் முனகி அடங்கும் சத்தமும் தவிர வீட்டில் வேறு அரவமே இல்லாத நேரத்தில், பீரோவுக்குள்ளிருந்து, யாரோ நகத்தால் தகரத்தை ஒருமுறை தட்டியதுபோல், ணிங் என்று கேட்டது. அப்டேட் முடிந்தால் எழும் மணி. கதவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனையோடு கதகதப்பாக ஒரு காற்று முகத்தில் அடித்தது. சட்டை மடிப்புகளுக்கு இடையே மஞ்சள் வெளிச்சம் கசிந்தது.

நகரத்தில் பாதி இல்லை. கடைத்தெரு இல்லை, பேருந்து நிலையம் இல்லை. ஒரு குடியிருப்பும், அங்கிருந்து போகும் ஒரு சாலையும், அதன் முடிவில் ஒரு மருத்துவமனையும்.

அந்திக்குள் மறுபடி ணிங். குடியிருப்பு இல்லை.

சனிக்கிழமை விடிந்ததும் இன்னொரு ணிங். சாலை இல்லை. மருத்துவமனைக் கட்டடம் மட்டும் சாம்பல் கட்டமாக நின்றது.

எட்டு மணிக்கு மனைவி பேசினாள். "விடியற்காலையில ஆஸ்பத்திரில சேர்த்துட்டோம். உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா. காதுல விழுதா உங்களுக்கு?"

"எந்த ஆஸ்பத்திரி?"

சொன்னாள். சாம்பல் கட்டத்துக்குக் கீழே எழுதியிருந்த அதே பெயர். அங்கேதான் நம் உயிர் போகப்போகிறது என்று அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எனக்கு உடம்பு சரியில்ல," என்றார். அது பொய்யும் இல்லை.

மூன்றரைக்குப் பழுது பார்க்கும் பெண் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டாள்.

"சார், லீவு போட்டுட்டு பயந்துக்கிட்டே இருக்கீங்கன்னு சொன்னாங்க. நான் விளையாட்டுக்குத்தான் சொன்னேன். மனசு கேக்காம உங்க கருவியோட பதிவை எடுத்துப் பார்த்தேன். உரிமையாளர் நீங்களே இல்ல சார்."

அப்பாடா என்றிருந்தது. ஒரு முழு மூச்சு நீளத்துக்கு, நெஞ்சு குளிர, அப்பாடா.

"யார் பேர்ல இருக்கு?"

"உங்க பொண்ணு பேர்லதான். முதல் சம்பளத்துல வாங்கித் தந்தாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்களே? நீங்க பேரை மாத்தவே இல்ல."

மாற்றவில்லை. ஊரார் பதிவையெல்லாம் எழுத்தெண்ணிச் சரிபார்ப்பவர், பெயர் மாற்றப் படிவத்தை ஒருமுறை எடுத்து மேசையில் வைத்தார். 'முந்தைய உரிமையாளர் தங்களுக்கு என்ன உறவு' என்று ஒரு கட்டம் இருந்தது. மகள் என்று எழுதக் கை வரவில்லை. மடித்து உள்ளே வைத்துவிட்டார்.

இந்த ஊர் இனித் தேவையில்லை என்று கருவி முடிவு செய்தது அவருக்காக அல்ல.

"சார்? சார், லைன்ல இருக்கீங்களா?"

அவர் கருவியை எடுத்துக்கொண்டு படி இறங்கிக்கொண்டிருந்தார்.

கிழக்கு நெடுஞ்சாலையில் கார் இதுவரை போகாத வேகத்தில் போனது. எதிர்க்காற்றில் ஜன்னல் ரப்பர் விடாமல் ஊளையிட்டது. லாரிகளின் டீசல் புகை தொண்டையில் ஒட்டியது. பின்னால் சாயும் வெயில் காரின் நிழலையே காருக்கு முன்னால் நீள நீளமாக ஓடவிட்டு, கடைசியில் அதையும் தாருக்குள் கரைத்துவிட்டது. மனைவி போனை எடுக்கவில்லை. மறுபடி அடித்தார். எடுக்கவில்லை. கைகாட்டிப் பலகைகளைப் பார்த்துப் பார்த்துத் திரும்பினார். திரையில் வழி ஏது?

"வந்துட்டேம்மா," என்று வாய்விட்டுச் சொன்னார். "பரிசீலனையெல்லாம் ஒண்ணும் இல்ல. வந்துட்டேன்."

ணிங்.

கட்டடத்தில் மூன்று மாடி போய் ஒரு மாடி.

ஊருக்கு இன்னும் இருபது கிலோமீட்டர் என்றது பலகை.

ணிங்.

ஒரு தாழ்வாரம். அதன் முடிவில் ஓர் அறை.

மிதித்தார். வண்டி அதிர்ந்தது.

ணிங்.

அறை மட்டும். கட்டில் அளவுக்கு ஒரு சதுரம்.

இருட்டத் தொடங்கிவிட்டது. முகப்பு விளக்கைப் போட்டார். பன்னிரண்டு கிலோமீட்டர். கருவியைப் பார்க்கக் கூடாது. பார்க்காதே. பார்க்காதே.

ணிங்.

பார்த்தார்.

மஞ்சள்.

ஒன்றுமே இல்லாத மஞ்சள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, மிகவும் மரியாதையாக, அவரே எழுதிக்கொடுத்த எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. 'உரிமையாளர் மாற்றப்பட்டார்.'

சாலைகள் திரும்பி வந்தன. உடைப்பெடுத்த வெள்ளம்போல வந்தன. அவருடைய தெரு, முக்கு, மருந்துக்கடைத் திருப்பம், அலுவலகம், அதற்கப்பால் அவர் பார்த்தேயிராத ஊர்கள், மலைப்பாதைகள், கடலோரங்கள். எஞ்சிய ஆயுளுக்குத் தேவையானவை. எவ்வளவு சாலைகள். இத்தனை சாலைகளையும் போய்த் தீர்க்க எத்தனை வருடம் வேண்டும்.

கிழக்கே, மகளின் ஊர் இருந்த இடத்தில் மட்டும் வட்டமாக ஓர் ஓட்டை. அதன் விளிம்பில் நீல அம்பு.

பிரேக்கை மிதித்தார். டயர் கருகும் நாற்றம். பிறகு எந்தச் சத்தமும் இல்லை.

முகப்பு விளக்கின் வெளிச்சம் முன்னால் பத்தடி போய் நின்றுவிட்டது. அதற்கப்பால் தார் இல்லை. மரம் இல்லை. வானமும் இல்லை. தரையிலிருந்து மேலே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரே மங்கிய மஞ்சள்.

இறங்கினார். நடந்தார். கையை நீட்டினார். கை போனது. சூடு இல்லை, குளிர் இல்லை, காற்று இல்லை. கூப்பிட்டுப் பார்த்தார். ஆறு வருடமாக வாயில் வராத மகளின் செல்லப்பெயர், உதட்டைத் தாண்டியதும் இல்லாமல் போயிற்று.

காருக்குள் போன் அடிக்கத் தொடங்கியது. மனைவி.

அவர் எடுக்கவில்லை. அது நின்று, மறுபடி அடித்தது. அவருக்குப் பின்னால், வந்த சாலை நெடுக, ஒவ்வொன்றாகத் தெருவிளக்குகள் எரிந்துகொண்டே போயின, அவர் வீட்டு வாசல்வரை.