ஆலைக் கதவும் ஆறிப்போன டேப்பும்

வாசல் மணி அடித்தபோது சர்வேயர் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். எழுந்து போய்க் கதவைத் திறந்தவர் அவருடைய மைத்துனர். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஆனால் வாய்க்கு மட்டும் இன்னும் ஓய்வு கொடுக்காதவர்.

"மாமா, கேஸ் வந்திருக்கு!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

சர்வேயர் பெருமூச்சு விட்டார். எரிந்த கடை, எரிந்த கிடங்கு என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆயுசு முழுக்கச் சாம்பலைக் கிளறியவர் அவர். இனிமேல் யார் வீட்டுச் சாம்பலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொல்லி என்ன பயன்? எள் என்றால் எண்ணெயாக வந்து நிற்கும் மைத்துனர் ஒருவர் வீட்டோடு இருந்தால் நிம்மதி எங்கிருந்து வரும்!

வந்தவர் ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலை முடித்து இன்னும் வீட்டுக்குக்கூடப் போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததுமே கண் சொருகியது. தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னார்.

"எங்கப்பா பஞ்சாலையில வாட்ச்மேன் சார். நான் ஸ்கூல் படிக்கிறப்ப அங்க தீப்பிடிச்சது. மூணு பேர் செத்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி டிவி நியூஸ்ல பூட்டின கேட்டைக் காமிச்சாங்க. கேட்டைப் பூட்டிட்டு வாட்ச்மேன் சாவியோட ஓடிட்டார்னு ஊரே பேசுச்சு. அப்பா சாகிற வரைக்கும், 'நான் தொறந்தேம்மா, நான் தொறந்தேன்'னு சொல்லிட்டே இருந்தார். யார் கேட்டா?"

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கண்டக்டர் உச்சுக் கொட்டினார். அவரும் அந்தச் செய்தியை நம்பியவர்தான்.

"நாளைக்கு ஆலை ஆபீஸ்ல நினைவு மண்டபம் திறக்கிறாங்க. அந்த நியூஸ் படம் இனிமே தினமும் அங்க சுவத்துல ஓடும். அம்மா அவமானத்துக்குப் பயந்து தெருவுல இறங்கியே பல வருஷம் ஆச்சு. நாளையிலேருந்து இந்தப் படம் வேற தினமும் ஓடும்! அதனாலதான் அன்னைக்குக் கேமராவுல எடுத்த முழு டேப்பையும் பாக்கணும்னு காப்பகத்துல கேட்டேன். இன்னைக்கு வரச் சொன்னாங்க. போனா பெட்டி காலி. டேப்பைக் காணோம்."

"அந்தக் காலத்து டேப்பெல்லாம் என் கையில போனதுதாம்மா!" கண்டக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேமராக்காரர் இங்க படம் புடிப்பார். டேப்பைத் துணிப்பையில போட்டு என்கிட்ட கொடுப்பார். டிவி ஸ்டேஷன் இருக்கிற ஊருக்கு நான் பஸ்ல கொண்டுபோவேன். ஒரு பை தொலைஞ்சதில்லை. தீப்பிடிச்ச அன்னைக்குக்கூட ஃபயர் எஞ்சின் ரோட்டை அடைச்சிருந்தது. சுத்து வழியில போய்ச் சேர்றப்ப ஸ்டாண்டுல ஒரு நாய்கூட முழிச்சிருக்கல. அப்பவும் பையை ஒப்படைச்சுட்டுத்தான் படுத்தேன்!"

"சரி மாப்பிள்ளை, மெடல் அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லிச் சர்வேயர் செருப்பைத் தேடினார். "முதல்ல அந்த ரூமைப் பாப்போம்."

காப்பகம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நூலகத்துக்குப் பின்னால் ஒரு நீளமான அறை, அவ்வளவுதான். டிவி ஸ்டேஷனை மூடியபோது இந்த ஊர் டேப்புகளை லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மழைவெள்ளம், தேர்தல், பாலம் திறப்பு, பள்ளிக்கூட ஆண்டுவிழா என்று ஊரின் முக்கால்வாசி ஞாபகம் அலமாரிகளில் பூஞ்சை பூத்து நின்றது. காப்பாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள். மூக்கில் கைக்குட்டை கட்டியிருந்தார்.

"எல்லாரும் குப்பைங்கிறாங்க. குப்பைன்னா எதுக்குத் திருடறாங்க?" என்றார் சலிப்பாக. "நேத்துக் காலையில டேப் பெட்டியிலதான் இருந்துச்சு. அப்புறம் வெளியாள் ரெண்டு பேர்தான் உள்ள வந்தாங்க. ஒருத்தர் நம்ம கேமராக்காரர். ரிட்டையர் ஆனதுலேருந்து தினமும் வந்து டேப்பைத் துடைச்சுக் கொடுக்கிறார், பாவம். இன்னொருத்தர் ஆலை முதலாளி மகன். மண்டபத்துக்குப் படம் வாங்க வந்தார். ரெண்டு பேர் பையையும் வாசல்ல நானே கொட்டிப் பாத்துத்தான் விட்டேன். முன்னாடி ஒருதடவை டேப் காணாம போனதுலேருந்து அதுதான் வழக்கம். இந்த டேப் செங்கல் கனம். சட்டைக்குள்ள ஒளிக்கவும் முடியாது. ஜன்னலுக்கெல்லாம் வலை அடிச்சிருக்கு."

கண்டக்டர் அலமாரி அலமாரியாகக் குடைந்தார். தொட்ட இடமெல்லாம் தூசி. வெள்ளைச் சட்டை மாவு மில்லுக்குப் போய்வந்தது போல் ஆனது. "அக்கா பாத்தா என்னைத் தோச்சுக் காயப்போட்ருவா" என்று முனகிக்கொண்டே மூலையில் துணி போர்த்தியிருந்த ஒரு பெட்டிமேல் முழங்கையை ஊன்றினார். "இது என்னம்மா?"

"டேப் போட்டுப் பாக்கிற இன்னொரு மெஷின். செத்துப்போய் ரொம்ப நாளாச்சு. டேப்பை உள்ளயும் வாங்காது, வெளியவும் தராது. யாரும் தொடறதில்லை."

முழங்கையைத் தட்டிவிட்டுக்கொள்ளப் பார்த்த கண்டக்டர், தட்ட ஒன்றும் இல்லை என்று கண்டு நகர்ந்தார். சர்வேயர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நாளைக்கு ஓடப்போற படத்தைப் போடுங்கம்மா."

வேலை செய்யும் மெஷினில் படம் ஓடியது. செய்தி வாசிப்பவரின் குரல். பெரிய இரும்புக் கதவு, நடுவே கைப்பிடி அளவு பூட்டு. கதவின் முன்னால் கூட்டம், எல்லார் முதுகும் கேமராவுக்கு. ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கு, மறு கையால் கம்பியைப் பிடித்து உலுக்குகிறார்கள். காலடியில் புழுதி கிளம்புகிறது. அவ்வளவுதான் படம். நர்ஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை" என்றார் சர்வேயர். பார்த்து முடித்ததும் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று கண்டக்டருக்குச் சந்தேகமாகிவிட்டது.

"அந்த ரெண்டு பேரையும் கூப்பிடுங்கம்மா" என்றார் கண்ணைத் திறக்காமல்.

கேமராக்காரர் முதலில் வந்தார். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் சின்னத் திருப்புளியும் பிரஷ்ஷும். நாளைக்கு மேடையில் அவருக்குத்தான் பொன்னாடை. அந்தப் படம் எடுத்தவர் என்று ஊரில் அவருக்குப் பெரிய மரியாதை.

"அன்னைக்கு எப்ப சார் ஆலைக்குப் போய்ச் சேர்ந்தீங்க?" என்று சர்வேயர் மெதுவாகக் கேட்டார்.

மேடைக்கு மேடை சொல்லிப் பழகிய கதை, தானாக வந்தது. "வேற ஊர்ல ஒரு விழா எடுத்துட்டு இருந்தேன் சார். தகவல் கிடைச்சு ஓடி வந்தேன். நான் போறப்பவே தீயை அணைச்சு ஹோஸைச் சுருட்டிட்டு இருந்தாங்க. ஒரே சேறு. செருப்பு மாட்டி வார் அறுந்து, வெறுங்காலோட நின்னு எடுத்தேன்."

சர்வேயர் தலையாட்டினார்.

முதலாளி மகன் காரை விட்டு இறங்கி உள்ளே வந்ததுதான் தாமதம், கண்டக்டர் பாய்ந்துவிட்டார். "எங்க வச்சிருக்கீங்க டேப்பை? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கிறீங்களா?"

முதலாளி மகனுக்கு முகம் சிவந்தது. "எனக்கு எதுக்குய்யா அது? டிவியில பாத்துத்தான் எங்கப்பா அந்த வாட்ச்மேனை வேலையை விட்டு எடுத்தார். ஊருக்கே தெரிஞ்ச விஷயம். நான் மறைக்க என்ன இருக்கு?"

"உக்காருங்க தம்பி. மாப்பிள்ளை, நீயும் உக்காரு. அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை நுழையாது" என்றார் சர்வேயர். முழங்காலைத் தடவிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் ஆரம்பித்தார்.

"எரிஞ்ச இடத்துல பாதி ஆயுசு நின்னவன் நான். தீயை அணைச்சா தரை சேறாகும். இந்தப் படத்துல புழுதி பறக்குது. சரி, அணைக்கிறதுக்கு முன்னாடி எடுத்த படம்னு வச்சுக்குவோம். ஆனா கேமரா வர்றப்பவே ஹோஸைச் சுருட்டிட்டாங்க, செருப்பு சேத்துல மாட்டுச்சுன்னு எடுத்தவரே சொல்றார். அப்ப இது அன்னைக்கு எடுத்த படம் இல்லை."

சர்வேயர் மெஷின் பக்கம் கை நீட்டினார்.

"அந்த ஆளுங்களைப் பாருங்க. உள்ள மாட்டினவங்கன்னா கம்பிக்கு அந்தப் பக்கம் முகம் தெரியணும். இங்க தெரியறது முதுகு. வெளிய நின்னு உள்ள போக உலுக்கிறாங்க. காப்பாத்த வந்தவங்களா? தீப்பிடிச்ச எடத்துக்குச் சாப்பாட்டுத் தூக்கோட யாராவது வருவாங்களா? வேலைக்கு வந்தவன்தான் தூக்கோட வருவான். வேலைக்கு வந்தவனை உள்ள விடாம ஆலைக் கதவைப் பூட்டினது எப்ப தம்பி?"

முதலாளி மகன் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். "கதவடைப்பு... சம்பளத் தகராறுல அப்பா கதவடைப்பு செஞ்சார். தீ விபத்துக்கு முந்தின வருஷம்."

"அதான். அப்பவும் நம்ம கேமராக்காரர்தான் படம் எடுத்திருப்பார், அந்த டேப்பும் ஸ்டேஷன் அலமாரியில இருந்திருக்கும்."

"அப்ப அன்னைக்கு எடுத்த டேப்பை ஏன் காமிக்கல?" என்று நர்ஸ் கேட்டார்.

சர்வேயர் மைத்துனரைப் பார்த்தார். அந்தப் பார்வையில் குற்றச்சாட்டு இல்லை, வெறும் அலுப்புதான் இருந்தது. ஆனாலும் கண்டக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஸ்டாண்டில் ஒரு நாய்கூட முழித்திருக்கவில்லை என்று காலையில் பெருமையடித்தது அவர் வாய்தானே?

"பஸ் லேட்டு" என்றார் கண்டக்டர். "நான் போறதுக்குள்ள நியூஸ் முடிஞ்சிருச்சு. ஐயோ மாமா!"

"ரோட்டை அடைச்சது நீயா மாப்பிள்ளை? டேப் வரல, நியூஸ் நேரம் ஆச்சு. ஸ்டேஷன்ல யாரோ அலமாரியைத் தேடி அதே ஆலை, அதே கேட்டுன்னு கைக்குக் கிடைச்சதைப் போட்டுட்டாங்க. பழைய படம்னு சொல்லாம விட்டுட்டாங்க. உன் பையை மறுநாள் பிரிச்சுக்கூடப் பாக்காம அடுக்கிட்டாங்க. ஆனா அது பழைய படம்னு பாத்த உடனே தெரிஞ்ச ஆள் ஒருத்தர் உண்டு. எடுத்தவர்."

எல்லாரும் கேமராக்காரர் பக்கம் திரும்பினார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டேப் வெளிய போகல. வெளிய போக வழியும் இல்லை. இந்த ரூம்ல தொட்ட இடமெல்லாம் என் மாப்பிள்ளை மேல தூசி அப்புச்சு, யாரும் தொடாத அந்தச் செத்த மெஷின் மேல மட்டும் ஒட்டல. துணியை எடுத்து உதறி யாரோ திரும்பப் போத்தியிருக்காங்க. அது வாய் வழியா டேப்பை வாங்காது. மேல் மூடியைக் கழட்டினா வைக்கலாம். அதுக்குத் திருப்புளி வேணும், பழகின கையும் வேணும்." சர்வேயர் குரலை உயர்த்தவில்லை. "நீங்களே எடுத்துக் கொடுத்துடுங்க சார். எனக்குக் குனிய முடியாது."

கேமராக்காரர் எழுந்து போனார். துணியை விலக்கி ஒவ்வொரு திருகாகக் கழற்றினார். இரண்டு கையாலும் டேப்பைத் தூக்கி, சட்டை நுனியால் துடைத்து, நர்ஸிடம் நீட்டினார்.

"மறுநாள் சொல்லிடலாம்னுதாம்மா இருந்தேன். அதுக்குள்ள பிரமாதமான படம்னு ஸ்டேஷன்லேருந்து பாராட்டு வந்துச்சு. ஒருநாள் போச்சு, ஒரு வருஷம் போச்சு, அப்புறம் வாய் வரல. நேத்து நீ டேப்பைக் கேட்டிருக்கேன்னு தெரிஞ்சதும் பயம் வந்துடுச்சு. அழிச்சிருக்கலாம். என் கையால எடுத்தது, மனசு வரல."

நர்ஸ் டேப்பை வாங்கிக்கொண்டார். திட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "போடுங்க" என்றார் காப்பாளரிடம்.

கோடு கோடாக ஓடிப் பிறகு படம் தெளிந்தது. சேறு. சுருட்டிய ஹோஸ். ஆலைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. சங்கிலியில் தொங்கிய பூட்டில் சாவி அப்படியே செருகியிருந்தது. கேமரா மெல்லக் கிடங்குப் பக்கம் திரும்பியது. அந்த மூன்று பேர் மாட்டிக்கொண்ட அறையின் ஜன்னலை மறைத்து வெளிப்புறம் கூரை வரைக்கும் பஞ்சு மூட்டை அடுக்கியிருந்தது. அடுக்கச் சொன்னது யார் என்று ஊர் கேட்கவே இல்லை. வாட்ச்மேன் ஒருத்தன் இருக்க வேறு கேள்வி எதற்கு? முதலாளி மகன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தம்பி, நாளைக்கு எந்தப் படம் ஓடும்?" என்று சர்வேயர் கேட்டார்.

முதலாளி மகன் அந்த ஜன்னலைக் கை காட்டினார். "இதுதான்" என்றார். "முழுசா."

படத்தில் இப்போது ஒரு மனிதர். முகமெல்லாம் கரி, சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. மைக்கை யாரோ நீட்ட, இருமி இருமிப் பேசினார். "கேட்டைத் தொறந்துட்டேங்க. எல்லாரையும் அனுப்பிட்டேன். மூணு பேரு மட்டும் உள்ள மாட்டிக்கிட்டாங்க... புகையில கண்ணு தெரியல. ரெண்டு தடவை போய்ப் பாத்தேன்..."

"அப்பா" என்றார் நர்ஸ். கை தானாக ஃபோனை எடுத்தது. "அம்மா, நான்தான். பேசாம கேளு." ஸ்பீக்கரைப் போட்டு மெஷினுக்குப் பக்கத்தில் பிடித்தார். "சத்தமா வைங்க, அம்மாவுக்குக் காது மந்தம்."

காப்பாளர் ஒலியைக் கூட்டினார். கரகரத்த அந்தக் குரல் அறை முழுக்க நிறைந்தது. கண்டக்டர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் குரலைத்தான் அன்று ஒரு துணிப்பையில் போட்டு, டிரைவர் இருக்கைக்குப் பின்னால் வைத்துக் கொண்டுபோயிருக்கிறார்.

டேப் ஓடி முடிந்தது. ஃபோனில் நர்ஸின் அம்மா கேட்டார்.

"தொண்டை இப்படிக் கட்டியிருக்கே அவருக்கு. யாராவது குடிக்கத் தண்ணி குடுத்தாங்களான்னு கேளுடி."